மழை மறைவில் ஒரு மலையூர்

நோர்வே என்ற பெயரைக் கேட்டதும் மழையும் பனியும் ஓயாது பொழியும் குளிர்நாடொன்றே நம் மனக்கண்முன் தோன்றும். அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியானதே. அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில் ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. ஆயினும், அந்நகரிலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் 250 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் ஓர் ஊர் இருக்கின்றது. அங்கு ஆண்டு மழைவீழ்ச்சி 300 மில்லிமீற்றரை ஒட்டியே நிற்கின்றது. வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சாவிடில் பயிர் கருகிவிடும். லோம் என்பது அதன் பெயர். சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்த்து எண்ணினாலும் அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 2,200 பேரே.

ஒரே நாட்டில், இவ்வளவு அண்மையில், இத்துணை வேறுபாடு ஏன்? தேசப்படத்தை விரித்துப் பார்க்கும் மாணவர் இதற்கான விடையைத் தாமே கண்டுகொள்ளலாம். லோம் ஊருக்குத் தெற்கிலும் மேற்கிலும் பெருமலைகள் மதிலென நிற்கின்றன. தெற்கேயுள்ள மலைத்தொகுதிக்கு யோட்டுன்ஹெய்மென் என்று பெயர்; ‘அரக்கர் உறைவிடம்’ என்பது அதன் பொருள். வட ஐரோப்பாவிலேயே உயர்ந்த சிகரமாகிய கால்ட்ஹொப்பிகென் இங்குதான், லோம் எல்லைக்குள்ளேயே, 2,469 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றது. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேல்காற்று இம்மலைகளின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகின்றது, எழும்போது குளிர்கின்றது, குளிர்ந்ததும் தன் நீரை அங்கேயே சொரிந்துவிடுகின்றது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது அக்காற்று வெப்பமடைந்து, மேலும் உலர்ந்துவிடுகின்றது. மேற்குச் சரிவு நனைய, கிழக்குப் பள்ளத்தாக்கு வாடுகின்றது. மழை மறைவுப் பிரதேசம் என்று பாடநூலில் படிப்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

லோம் ஊரின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. யோட்டுன்ஹெய்மென் மலைகளிலிருந்து பாய்ந்துவரும் போவ்ரா ஆறு ஊரின் நடுவே நுரைத்து விழுந்து, ஒட்டா ஆற்றின் பள்ளத்தாக்கை அடைகின்றது. ஊர் வட அகலக்கோடு 62 பாகையை அடுத்திருப்பதால், ஆனி மாதத்தில் பகற்பொழுது 19 மணித்தியாலத்துக்கு மேல் நீளும். மார்கழியில் ஐந்து மணித்தியாலமளவாகச் சுருங்கிவிடும். மாரிக்காலத்தில் பாரமான குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நிற்கும். ஆதலால் தெற்கு நோக்கிய சரிவுகளில், வெயில் படும் பக்கமாகப் பண்ணைகளை அமைத்துக்கொள்வது அப்பள்ளத்தாக்கு மக்களின் வழக்கம். மேற்கே சோக்ன கடற்கரைப் பகுதிக்குச் செல்லும் மலைப்பாதை 1,434 மீற்றர் உயரத்தைத் தாண்டுகின்றது. மாரியில் அது பனியால் மூடப்பட்டுவிடும்.

மழை இல்லாத ஊரில் மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது எவ்வாறு? மழையைத் தடுத்த மலையே அவர்களுக்கு நீரையும் கொடுத்தது. உயரத்தில் பனியாக விழுந்தது அங்கேயே தங்கிக் கிடக்கும். கோடை வெயில் ஏற ஏற அது உருகி ஓடைகளில் இறங்கும். வயலுக்குத் தாகம் மிகும் நாளிலேயே மலையும் மிகுதியாக நீர் தரும் என்பது இயற்கையின் வியத்தகு ஒழுங்கன்றோ! அவ்வோடைகளிலிருந்து மண் வாய்க்கால்களாலும், குடைந்த மரத்தாலான பீலிகளாலும் முன்னோர் நீரைக் கொண்டுவந்தனர். வாய்க்காலில் நின்று, நீண்ட பிடியுடைய மரச் சுளகு போன்ற கருவியால் நீரை வாரி வயலில் எறிந்தனர். பார்லியும் கிழங்கும் கால்நடைக்கான புல்லும் இவ்வுழைப்பினால் விளைந்தவையே. இன்று குழாய்களும் தூவல் கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் ஊர்ச் சின்னத்தில் நீலத் தளத்தின்மீது அந்த நீர்வாரும் கருவிகள் மூன்று பொறிக்கப்பட்டுள்ளன. வாளையோ சிங்கத்தையோ நாடாமல், உழவன் கைக்கருவியைச் சின்னமாகக் கொண்ட ஊர் இது.

இனி, கவலைக்குரிய ஒரு செய்தி. லோம் மலைமுகட்டில் லெண்ட்பிரேன் எனப்படும் பனிக்கட்டித் திட்டு ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டில், உருகிய அதன் விளிம்பில் ஆட்டு மயிராலான மேற்சட்டை ஒன்று அகப்பட்டது. அது ஏறத்தாழ 1,700 ஆண்டுப் பழமையுடையது என ஆய்வாளர் கணித்தனர். அதன்பின் குதிரைகளுக்கான பனிப் பாதணி, சறுக்குவண்டியின் துண்டுகள், கத்தி, கையுறை எனப் பல பொருள்கள் வெளிப்பட்டன. மக்கள் மறந்துபோன கணவாய்ப் பாதை ஒன்று அங்கிருந்தது என்பதும், கி.பி. 300 அளவில் தொடங்கி 1500 வரை அதில் மக்கள் நடமாடினர் என்பதும், 2020இல் வெளியான ஆய்வினால் உலகறிந்த செய்தியாயிற்று.

சரித்திர மாணவருக்கு இது பெரும் பேறு. ஆனால் அந்தப் பேறு எதன் விலையாகக் கிடைத்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பூமி வெப்பமடைவதால் பனி உருகுகின்றது. உருகுவதாலேயே பொருள்கள் தெரிகின்றன. நூற்றாண்டுகளாகக் கெடாதிருந்த கம்பளியும் மரமும் தோலும் காற்றிலும் வெயிலிலும் கிடந்தால் விரைவில் மக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கோடையின் முடிவிலும், புதுப்பனி மூடுவதற்குள், ஆய்வாளர் மலையேறித் தேடுகின்றனர்.

சிக்கனமான குடும்பம் சேமித்த முதலைத் தொடாமல் வட்டியைக்கொண்டு வாழும். மாரியில் விழுந்த பனி கோடையில் உருகி ஓடுவது வட்டி. ஆயிரமாயிரம் ஆண்டுகள் உறைந்து கிடந்த கட்டி உருகுவது முதல். நோர்வே மலைகளில் பனிக்கட்டியாறுகள் சுருங்கிவரும் இந்நாளில் முதலும் கரைந்துகொண்டிருக்கின்றது. முதல் கரையும் காலத்தில் கைக்கு வரும் பணம் மிகுந்திருப்பதுபோலவே தோன்றும். ஓடையில் நீர் பெருகி ஓடுவதைக் கண்டு ஆறுதல் கொள்ள முடியாமைக்கு அதுவே காரணம். மழையை நம்பாமல் வாழக் கற்றுக்கொண்ட ஊர் அது. மலைமேல் பனி குறையும் காலத்தில் வாழ்வது எப்படி என்பதையும் இனி அது கற்கவேண்டியிருக்கின்றது.