கொறடாவுக்குச் சட்டம் உண்டு, தொண்டருக்கு இல்லை

1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனத்தில் அரசியல் கட்சிகளைப் பற்றிய பேச்சே இல்லை. அமைச்சரவை உண்டு, சட்டமன்றம் உண்டு, தேர்தல் ஆணையம் உண்டு. இவற்றையெல்லாம் இயக்கப்போகிற கட்சிகளுக்கு அதில் இடமில்லை. 35 ஆண்டுகள் கழித்து, 1985-ல், 52-வது திருத்தத்தின் மூலம் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டபோதுதான் கட்சி சாசனத்துக்குள் வந்தது. வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். கட்சிக்கு என்ன கடமை, அதன் உறுப்பினருக்கு என்ன உரிமை என்று அந்த அட்டவணை எதையும் சொல்லவில்லை. கட்சியைத் தானாகத் துறக்கும் அல்லது கட்சியின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியைப் பறிக்க மட்டும் வழி செய்தது. அந்த ஒருபக்கச் சாய்வு இன்றுவரை சரிசெய்யப்படவில்லை. கட்சித் தலைமைக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தலைமை எப்படி உருவாகிறது, யாரை எந்த முறையில் வேட்பாளராக்குகிறது என்பதையெல்லாம் அந்தந்தக் கட்சியின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டோம். அவையில் கட்சி உத்தரவைப் பிறப்பிக்கும் கொறடாவின் அதிகாரத்தைக் குறுக்க வேண்டும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைக் கட்சி உறுப்பினர்களுக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் பலன் இருக்காது.

கட்சிகளே வேண்டாம், நல்லவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். எம்.என். ராயும் ஜெயப்பிரகாஷ் நாராயணனும் கட்சி சாராத ஜனநாயகத்தைப் பற்றி ஆழமாகவே யோசித்தார்கள்; அவர்களுடைய நோக்கத்தைச் சந்தேகிக்க முடியாது. ஆனால் கட்சியை எடுத்துவிட்ட இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1985-ல் பாகிஸ்தானில் ஜியா உல் ஹக் கட்சிகள் இல்லாத தேர்தலை நடத்தினார். வென்றவர்களில் பெரும்பாலோர் நிலவுடைமைக் குடும்பங்களையும் குலக்குழுக்களையும் வியாபாரச் செல்வாக்கையும் நம்பி நின்றவர்கள். கொள்கையின் பேரில் கேள்வி கேட்க ஆளில்லாததால் தொகுதிக்கு வரும் பணமே அரசியலின் மையமானது. தமிழ்நாட்டிலும் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கிறது. அதனால் சாதியும் பணமும் அங்கே விலகி நிற்கின்றனவா என்ன? சில ஊர்களில் அந்தப் பதவியை ஏலம் விட்டதாக வந்த செய்திகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தனிமனிதர் தவறு செய்தால் அடுத்த தேர்தலில் அவர் காணாமல் போய்விடலாம். கட்சி அப்படி மறைந்துவிட முடியாது. நேற்றைய வாக்குறுதிக்கு அது நாளையும் பதில் சொல்லியாக வேண்டும். கட்சியின் முதல் பயன் இதுதான்.

இரண்டாவது பயன், தலைவர்களை உருவாக்குவது. கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று படிப்படியாக ஏறிவரும் ஒருவருக்கு நிர்வாகமும் சமரசமும் தோல்வியைத் தாங்கும் பழக்கமும் கைவருகின்றன. 1954-ல் ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகியபோது சென்னை மாகாணக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் நடந்ததை இங்கே நினைவுபடுத்தலாம். காமராஜரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டார்கள். 93 வாக்குகள் காமராஜருக்கு, 41 வாக்குகள் சுப்பிரமணியத்துக்கு. வென்றவர் அமைத்த அமைச்சரவையில் தோற்ற சுப்பிரமணியத்துக்கும் இடம் கிடைத்தது, அவரை ஆதரித்த பக்தவத்சலத்துக்கும் கிடைத்தது. மூவரும் பிற்பாடு செய்த வேலைகளைத் தமிழகம் அறியும். கட்சிக்குள் வாக்கெடுப்பு நடந்தால் கட்சி உடைந்துவிடும் என்று இன்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். வாக்கெடுப்பு நடந்ததால் தோற்றவருக்குத் தன் பலம் எவ்வளவு என்று தெரிந்தது, வென்றவருக்கும் தெரிந்தது. அதனால்தான் அரவணைப்பு சாத்தியமானது.

பத்தாவது அட்டவணை என்ற கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. 1967-க்குப் பிறகு வட மாநிலங்களில் பல ஆட்சிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. ஹரியானாவின் கயாலால் இரண்டே வாரங்களுக்குள் கட்சி மாறி, திரும்ப வந்து, மறுபடியும் மாறி ஒரு பழமொழிக்கே மூலமானார். தாவல்களை ஆராய்ந்த ஒய்.பி. சவாண் குழு, தாவிய 210 பேரில் 116 பேர் அமைச்சர்களானதைச் சுட்டிக்காட்டியது. நோய் உண்மையானது. மருந்துதான் அளவு மீறிவிட்டது. அரசு கவிழும் வாக்கெடுப்புக்கு மட்டும் பொருந்த வேண்டிய தடை எல்லா மசோதாவுக்கும் நீண்டது. 1992-ல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. ஆனால் பதவியைப் பறிக்கக்கூடிய கொறடா உத்தரவு, நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சி மக்களிடம் வைத்த அடிப்படைக் கொள்கை தொடர்பான விஷயங்களுக்கும் மட்டுமே பொருந்த வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பகுதியை எல்லாக் கட்சிகளும் வசதியாக மறந்துவிட்டன. பலன் என்ன? 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்களை நிறைவேற்றிய அதே மக்களவை, 2021 நவம்பர் 29 அன்று விவாதமே இல்லாமல் அவற்றைத் திரும்பப் பெற்றது. விவசாயத் தொகுதிகளிலிருந்து வந்த ஆளும் தரப்பு உறுப்பினர்கள் முதலில் ஆம் என்றார்கள், பிறகு அதற்கு நேரெதிராகவும் ஆம் என்றார்கள். இரண்டு முறையும் அவர்கள் சொந்தமாக என்ன நினைத்தார்கள் என்பது அவைக் குறிப்பில் இல்லை. சட்டங்கள் நல்லவையா கெட்டவையா என்பது வேறு விவாதம்.

இவ்வளவு விலை கொடுத்தாவது தாவல் நின்றதா? சில்லறையாகத் தாவுவது நின்றது, மொத்தமாகத் தாவுவது தொடர்கிறது. 2003-ல் 91-வது திருத்தம், மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்து போகலாம் என்ற விலக்கை நீக்கியது. மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து இன்னொரு கட்சியில் இணையலாம் என்பதை விட்டுவைத்தது. கோவாவில் 2019-ல் காங்கிரஸின் 15 எம்.எல்.ஏ.க்களில் 10 பேர் பாஜகவுக்குப் போனார்கள். 2022-ல் 11 பேரில் 8 பேர் போனார்கள். கணக்கு சரியாக இருந்ததால் பதவி பத்திரமாக இருந்தது. கர்நாடகத்தில் 2019-ல் ராஜினாமா என்ற வழியைக் கண்டுபிடித்தார்கள்: பதவி விலகி, ஆட்சியைக் கவிழ்த்து, இடைத்தேர்தலில் புதிய கட்சிச் சின்னத்தில் நின்று, பலர் அமைச்சர்களாகத் திரும்பினார்கள். ஆக, மனசாட்சிப்படி ஒரு மசோதாவை எதிர்க்கும் தனி உறுப்பினருக்குப் பதவி போகும்; கூட்டம் சேர்த்துக்கொண்டு போனால் போகாது.

தமிழ்நாட்டின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 2017 பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அதிமுகவின் 11 எம்.எல்.ஏ.க்கள் தங்கள் கட்சியின் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். பத்தாவது அட்டவணை எந்தச் செயலைத் தடுக்க எழுதப்பட்டதோ, அச்சு அசலாக அதே செயல். அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, அதே கட்சியின் வேறொரு அணியினர் முதல்வருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவையில் எந்த வாக்கும் பதிவாகவில்லை. கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரின் பதவி நான்கு வாரத்துக்குள், செப்டம்பர் 18 அன்று, பேரவைத் தலைவரால் பறிக்கப்பட்டது. அந்த 11 பேரின் பதவி, பேரவையின் காலம் முடியும்வரை பறிபோகவில்லை. இடையில் அணிகள் இணைந்து, அவர்களில் ஒருவர் துணை முதல்வராகவும் ஆகியிருந்தார். 18 பேர் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதிசெய்து, 2019-ல் இடைத்தேர்தல் வரும்வரை 18 தொகுதி மக்களுக்குப் பேரவையில் ஆள் இல்லை. இதில் எந்த அணி சரி என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. ஒரே சட்டம், ஒரே ஆண்டு, ஒரே கட்சி, இரண்டு விதமான முடிவுகள். தீர்ப்பு சொல்லும் இடத்தில் ஆளும் தரப்பிலிருந்து வந்த பேரவைத் தலைவர் இருக்கும்வரை இதுதான் நடக்கும். 2020-ல் உச்ச நீதிமன்றமே, இந்த அதிகாரத்தைத் தனித் தீர்ப்பாயத்திடம் ஒப்படைப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று மணிப்பூரிலிருந்து வந்த ஒரு தகுதிநீக்க வழக்கில் சொன்னது.

சட்டமன்றத்துக்குள் இவ்வளவு இறுக்கம் காட்டும் சட்டம், கட்சி அலுவலகத்து வாசலோடு நின்றுவிடுகிறது. தேர்தல் நேரத்தில் விருப்ப மனு வாங்குகிறார்கள், கட்டணம் வசூலிக்கிறார்கள், நேர்காணல் நடத்துகிறார்கள். எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று அங்கே கேட்கப்படுவது ஊரறிந்த ரகசியம். பிறகு ஒருநாள் தலைமையின் கையெழுத்தோடு பட்டியல் வருகிறது. தொகுதியில் இருபது வருடம் கொடி கட்டிய தொண்டர் அந்தப் பெயரைத் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறார். தலைமைப் பதவிகளும் பெரும்பாலும் போட்டியின்றியே நிரம்புகின்றன. திமுகவில் 2018-லும் 2022-லும், அதிமுகவில் 2023-லும், பாஜகவில் தொடர்ந்தும் அப்படித்தான். காங்கிரஸில் 2022-ல் கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்ற தேர்தல், 22 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த போட்டி என்பதாலேயே செய்தியானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, பதிவு கேட்கும் கட்சி ஜனநாயகக் கோட்பாட்டுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்தால் போதும். எழுதிக் கொடுத்ததை மீறினால் பதிவை நீக்கும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு, மிகச் சில சூழல்கள் தவிர, இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கட்சி என்பது தனியார் சங்கம், அதன் உள்விவகாரத்தில் சட்டம் தலையிடலாமா என்று கேட்கலாம். வருமான வரி விலக்கும், ஒதுக்கப்பட்ட சின்னமும், அரசு ஒலிபரப்பில் இலவச நேரமும் பெறுகிற அமைப்பு எந்த வகைத் தனியார் சங்கம்? இந்தச் சலுகைகளைக் காரணம் காட்டித்தான் 2013-ல் மத்திய தகவல் ஆணையம், ஆறு தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்றது. எல்லா விஷயத்திலும் மோதிக்கொள்ளும் அந்த ஆறும் இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக உத்தரவை ஒதுக்கித் தள்ளின.

ஆளுங்கட்சி இந்தச் சட்டத்தைக் கொண்டு எதிர்க்கட்சிகளை நசுக்காதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அந்த ஆபத்து உண்மை. அதனால்தான் யார் கையில் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஜெர்மனியில், ஹிட்லரின் காலத்தைக் கடந்துவந்த பிறகு எழுதப்பட்ட அடிப்படைச் சட்டத்தின் 21-வது பிரிவு, கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக முறைப்படி இருக்க வேண்டும் என்கிறது. கட்சி உறுப்பினர்களோ அவர்களுடைய பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பில்தான் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுத் தேர்தல் சட்டம். 1991-ல் ஹாம்பர்க் மாநிலத் தேர்தலில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி அந்த முறையை ஒழுங்காகப் பின்பற்றவில்லை. 1993-ல் அந்த மாநிலத்தின் அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே செல்லாது என்றது; மக்கள் மறுபடியும் வாக்களித்தார்கள். தீர்ப்பு சொன்னது நீதிமன்றம், அமைச்சரோ ஆளுநரோ அல்ல. கட்சி எந்தக் கொள்கை பேச வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த முறையை மட்டுமே பார்த்தது. நம் உயர் நீதிமன்றங்கள் தேர்தல் வழக்குகளை ஏற்கெனவே விசாரித்துவருகின்றன. இந்த ஒரு கேள்வியை அவற்றின் வரம்பில் சேர்ப்பது ஆகாத காரியம் அல்ல.

உட்கட்சி வாக்கெடுப்பைச் சாதியும் பணமும் போலி உறுப்பினர் அட்டைகளும் கைப்பற்றிவிடும் என்பார்கள். ஓரளவு நடக்கும். ஆனால் இப்போதைய பட்டியல்களில் சாதிக் கணக்கும் பணக் கணக்கும் இல்லையா? இப்போது அந்தக் கணக்கு மூடிய அறைக்குள் போடப்படுகிறது. வாக்கெடுப்பில் அதை எதிர்த்து ஒருவர் நிற்கவாவது முடியும். உட்கட்சி வாக்கு தவறான முடிவும் எடுக்கலாம். 1996-ல் ஜோதிபாசு பிரதமராகும் வாய்ப்பை மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு நிராகரித்ததை அவரே பின்னாளில் வரலாற்றுப் பிழை என்றார். ஆனாலும் யார், எங்கே, எதற்காக அந்த முடிவை எடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் இன்றும் விவாதிக்க முடிகிறது. கடிவாளத்தைத் தளர்த்தினால் பேரம் பெருகும் என்ற வாதத்துக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் தடை இருக்கட்டும். மற்றவற்றில் சுதந்திரமாக வாக்களிக்கும் ஒருவர், அடுத்த முறை தன் தொகுதிக் கட்சி உறுப்பினர்களின் வாக்கைப் பெற்றாக வேண்டும் என்றால், விலைபோவதற்கு முன் யோசிப்பார். இப்போது அவர் பயப்பட வேண்டியது தலைமைக்கு மட்டும். தலைமையே மாறச் சொன்னால் அந்தப் பயமும் இல்லை.

கொறடா அதிகாரத்தைக் குறைக்கச் சொல்லி 1990-ல் தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. உட்கட்சி ஜனநாயகத்துக்குத் தனிச் சட்டப் பிரிவு வேண்டும் என்று 1999-ல் சட்ட ஆணையத்தின் 170-வது அறிக்கை கேட்டது. அதன் பிறகு மத்தியில் முக்கியக் கட்சிகள் பலவும் ஆட்சியில் பங்கெடுத்துவிட்டன, ஒன்றும் அசையவில்லை. தங்கள் தலைமையின் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்தைக் கட்சிகள் தாமாகக் கொண்டுவராது. அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இந்தத் தொகுதிக்கு உங்களைத் தேர்ந்தெடுத்தது உங்கள் கட்சி உறுப்பினர்களில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.