ராஜினாமா: ஒரு செய்தித்தாள் சொல்

சங்கச் சொல்லுக்கு உரை காண்கிறோம். காப்பியச் சொல்லுக்குப் பாடவேறுபாடு தேடுகிறோம். காலையில் படித்து மாலையில் பொட்டலம் மடிக்கும் செய்தித்தாளின் சொல் மட்டும் நம் ஆய்வுக்கு உரியதாவதில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையிலிருந்து வெளிவந்த தமிழ் நாளிதழ்களைப் புரட்டுவோர்க்கு ஒரு சொல் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். அது ‘ராஜினாமா’.

அரபியில் ‘ரிளா’ என்பது மனநிறைவோடு கூடிய இசைவு. அவ்வேரில் பிறந்த ‘ராளீ’ பாரசீகர் நாவில் திரிந்து, நம்மிடம் ‘ராஜி’ என வந்து சேர்ந்தது. ‘நாமா’ பாரசீகம், மடல், ஏடு என்பது பொருள். கிஸ்ஸா, மசலா, படைப்போர், முனாஜாத்து, நாமா என இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வகைகளைப் பயிலும் நம் மாணவர்க்கு இச்சொல் புதிதன்று. ஆகவே ராஜினாமா என்றால் இசைவு மடல். (‘ராஜினாமாக் கடிதம்’ என எழுதுவோர் கடிதத்தையே இருமுறை கொடுக்கின்றனர் என்பதை ஈண்டுச் சொல்லிவைப்போம்.)

இசைவு மடல் பதவி துறக்கும் மடலானது எங்ஙனம்? உருது மொழியில் பதவி துறத்தல் ‘இஸ்திஃபா’. அங்கு ராஜினாமா என்பது வழக்காடுவோர் செய்துகொள்ளும் சமரசப் பத்திரமே. நம் நீதிமன்றங்களிலும் ‘ராஜியாகப் போதல்’ என்ற வழக்கு இன்றும் உண்டு. மராத்தியும் கன்னடமும் தெலுங்கும் தமிழும் அதனைப் பதவி துறத்தலுக்கு ஆக்கிக்கொண்டன. மலையாளம் ‘ராஜி’ என்றே நிறுத்திக்கொண்டது. மராட்டிய நில வரி முறையில், உழுபவர் தம் நிலத்தை மனமிசைந்து விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கும் இதுவே பெயர். நிலத்தை விட்ட சொல்லே நாற்காலியை விடவும் பயன்பட்டது என்று கருத இடமுண்டு.

இனி இதழ்களுக்கு வருவோம். 1939 அக்டோபரில் இராஜாஜி அமைச்சரவை விலகியது முதல் 1963 அக்டோபரில் காமராசர் முதலமைச்சர் பதவியைத் துறந்தது வரை, கால் நூற்றாண்டுக் காலம் இச்சொல்லுக்கு ஓய்வில்லை. 1942இல் முஸ்லிம் லீக்கோடு உடன்பாடு காண வேண்டும் என்று வற்புறுத்திய இராஜாஜி காங்கிரசையும் சட்டமன்ற இடத்தையும் துறந்தார். 1954இல் மீண்டும் முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலகினார். 1958இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி மத்திய நிதியமைச்சர் பதவியை விட்டார். ஆழ்வார்ப்பேட்டையின் மௌபரீஸ் சாலை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. தியாகராய நகரிலோ, இராஜாஜி வாழ்ந்த தெருவும் காமராசர் வாழ்ந்த திருமலைப் பிள்ளை சாலையும் நடந்தே செல்லும் தொலைவில் உள்ளன. இராஜாஜி வாழ்ந்த தெருவின் பெயர் பஸ்லுல்லா சாலை!

செய்தி எழுதியோரும் இச்சொல்லுக்கு அயலார் அல்லர். 1943இல் தினமணியின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் அவ்விதழை விட்டு விலகியபோது புதுமைப்பித்தன் உள்ளிட்ட உதவியாசிரியர்களும் உடன் வெளியேறினர். பிறர் துறவைச் செய்தியாக்கியவர்கள் தம் துறவையும் எழுதிக் கொடுத்தனர்.

1967க்குப் பின் ‘பதவி விலகல்’ என்னும் தொடர் பெருகியது. அது நல்ல தமிழ். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் விடைத்தாளில் ராஜினாமாவைச் சுழித்துச் சிவப்புக் கோடிடும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. வக்கீல், வசூல், பாக்கி, ஜாமீன், ரத்து, மகஜர் எனத் தமிழன் வாயில் நூற்றாண்டுகளாகப் புழங்கும் அரபு வழிச் சொற்களை அயலென்று ஒதுக்குவது, அவற்றைப் பேசிய மக்களையும் அயலாராக எண்ணும் பழக்கத்துக்கு நெருங்கியது. மேலும், விலகல் என்பது தானே விலகியதா, விலக வைக்கப்பட்டதா என்று சொல்வதில்லை. ராஜினாமாவோ தன்னுள்ளேயே மன இசைவைப் பொதிந்து வைத்திருக்கிறது.

அவ்விசைவும் ஒருவருடையது மட்டுமன்று. 1956இல் மகபூப்நகர் இரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி அளித்த மடலைப் பிரதமர் நேரு ஏற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அரியலூர் விபத்துக்குப் பின்னரே ஏற்றார். 1965 பிப்ரவரியில், மொழிச் சிக்கலில் மனம் நொந்து சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் விலக முன்வந்தனர். அப்போது பிரதமராயிருந்தவர் அதே சாஸ்திரி. மடல்கள் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனிடம் சென்றன, அவர் இசையவில்லை, அமைச்சர்கள் பதவியில் தொடர்ந்தனர். மயிலாப்பூரில் ‘கிரிஜா’ இல்லம் இருந்த சாலைக்குப் பின்னர் அவர் பெயரே சூட்டப்பட்டது. எழுதுபவரும் பெறுபவரும் ஒருங்கே இசைந்தாலன்றி நிறைவேறாத பழைய சமரசப் பத்திரம் அந்நாளிலும் அச்சொல்லுக்குள் உயிரோடிருந்தது.

தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்கள் காத்திருக்கின்றன. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் நம் மாணவர் ஒருவர் அங்குச் சென்று, எந்த இதழ் எந்த ஆண்டில் ராஜினாமாவைக் கைவிட்டது என்று கணக்கெடுத்து வருவாராக.