சேதனத் தேயிலை: நட்டம் யார் தலையில்?

பத்தாண்டுகளில் நாடு சேதன விவசாயத்துக்கு மாறும் என்று 2019 தேர்தலில் வாக்குறுதி தந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார். நவம்பரில் தடை நீங்கியது. ஆனால், டொலர் தட்டுப்பாடும் பசளை விலையேற்றமும் சேர்ந்துகொள்ள, 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியாகச் சரிந்தது. அன்று முதல் சேதனம் என்றாலே பலரும் முகஞ்சுளிக்கிறார்கள். அந்த அவசரத்தின் பழியைச் சேதன விவசாயத்தின் தலையில் போடுவது நியாயமில்லை.

ஹப்புத்தளைப் பக்கம் 1980களின் பிற்பகுதியிலிருந்தே சேதனத் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. அங்கு விளைச்சல் குறைவு. களை பிடுங்கவும் கூட்டெரு ஆக்கவும் ஆள் கூடுதலாக வேண்டும். சான்றிதழ் பெற்ற தேயிலைக்கு வெளிநாட்டில் கிடைக்கும் மேலதிக விலைதான் அதை ஈடுகட்டுகிறது. இதில் பெருந்தோட்டங்களுக்குச் சாதகம் உண்டு. நிலம் ஒரே பரப்பாக இருப்பதால் அயல் காணியின் மருந்து வந்து படிவது குறைவு. சான்றிதழ்ச் செலவும் பல ஏக்கர்களில் பகிர்ந்துபோகும்.

சிக்கல் மாறும் காலத்தில்தான். தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 3 ஆண்டு மாற்றக் காலம் கேட்கிறது. அதுவரை விளைச்சல் விழும், மேலதிக விலையும் வராது. அந்த நட்டத்தைச் சுமப்பது யார்? 2021 தடைக்குப் பிறகு பல தோட்டங்களின் தராசடியில் இதற்கு விடை தெரிந்தது. மலையில் கொழுந்து மெலிந்தபோதும் கம்பனி ஒரு நாளைக்குக் கேட்ட கிலோ குறையவில்லை. எடை தேறாத பெண்ணுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளந்தான், விழுந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்த அதே ஆண்டில் அது பலர் கைக்கு எட்டவில்லை.

எனவே, விரும்பும் தோட்டங்கள் மட்டும், ஒவ்வொரு மலையாக மாறட்டும். கம்பனிகளிடமுள்ள நிலம் 1992 முதல் அரசு குத்தகைக்கு விட்டது. மாறும் மலைகளுக்கு 3 ஆண்டு குத்தகைச் சலுகை தருவது அரசின் கையில் இருக்கிறது. ஆட்சி மாறினாலும் கைவைக்க முடியாதபடி அதை ஒப்பந்தமாக எழுத வேண்டும். விளைச்சல் விழும் அளவுக்குக் கொழுந்துக் கிலோவும் குறைய வேண்டும், முழுப்பேர் விழ வேண்டும் என்ற நிபந்தனையும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சலுகையை வாங்கிக்கொண்டு கிலோவைக் குறைக்க மறுக்கும் கம்பனியிடமிருந்து, கொடுத்ததை வட்டியோடு அறவிட வேண்டும்.