ஒரு கையெழுத்தும் ஒரு கவிதையும்!

1947. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு மனநல மருத்துவமனை. நவோமி என்ற பெண்ணுக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள் டாக்டர்கள். அதற்கு வீட்டார் சம்மதம் வேண்டும். கணவர் ஏற்கெனவே பிரிந்துவிட்டார். கையெழுத்துப் போட்டவர் இளைய மகன். வயது 21. பெயர், ஆலன் கின்ஸ்பெர்க்.

அந்தச் சிகிச்சையின் பெயர் லோபோடமி. மூளையின் முன்பகுதிக்குப் போகும் நரம்பு இணைப்புகளைத் துண்டித்துவிடுவார்கள். இன்று கேட்டால் பதறுகிறது, இல்லையா? அன்று அது நவீன மருத்துவம். அதை உருவாக்கிய டாக்டருக்கு 1949-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால், கின்ஸ்பெர்க் அந்தக் கையெழுத்தை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

பீட் கவிஞர்கள் என்றதும் தாடி, போதை, ஊர்சுற்றல் என்றுதான் பலருக்கு ஞாபகம் வரும். அதெல்லாம் இருந்தது உண்மைதான். அதற்கு அடியில் இந்த அம்மாவின் கதையும் இருக்கிறது. யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று எப்போதும் பயந்துகொண்டிருந்தவர் நவோமி. பள்ளிக்கூட நாள்களில் சில சமயம் வகுப்புக்கே போகாமல் அவரைப் பார்த்துக்கொண்டவர் ஆலன்.

மரத்தில் தேவதைகள்

1948. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் அறையில் தனியாக இருந்து வில்லியம் பிளேக்கின் கவிதைகளைப் படித்துக்கொண்டிருந்தார் கின்ஸ்பெர்க். அப்போது ஒரு குரல் கேட்டதாகவும், அது பிளேக்கின் குரல்தான் என்றும் பிறகு சொன்னார். சுற்றி இருந்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? 'அம்மாவைப் போலவே...' என்றுதானே!

யார் இந்த பிளேக்? 1757-ல் லண்டனில் பிறந்த கவிஞர், ஓவியர். சிறுவனாக இருந்தபோது ஒரு மரம் முழுக்க தேவதைகளைப் பார்த்ததாக வீட்டில் வந்து சொன்னாராம். பொய் சொல்கிறான் என்று அப்பா அடிக்கக் கை ஓங்க, குறுக்கே வந்து தடுத்தவர் அம்மா. தன் கவிதைகளைத் தானே செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார் பிளேக். மனைவி கேத்தரின் வண்ணம் தீட்டிக் கொடுத்தார். 1809-ல் தன் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தபோது, ஒரு பத்திரிகை அவரைப் 'பைத்தியம்' என்றே எழுதியது. 1827-ல் ஏழையாகவே இறந்தார்.

கின்ஸ்பெர்க்கின் இன்னொரு குரு வால்ட் விட்மன். 1855-ல் சொந்தச் செலவில் கவிதைத் தொகுப்பு போட்டவர். எதுகை, அளவு எதுவும் இல்லாமல் மூச்சு போகும் தூரம் வரை நீளும் வரிகள் அவருடையவை. நம் பாரதியார் அவரைப் பற்றிக் கட்டுரையில் வியந்து எழுதியிருக்கிறார். புதுக்கவிதையின் முன்னோடி ந.பிச்சமூர்த்திக்கும் விட்மன் ஓர் உந்துதல். அந்த விட்மன் வீட்டிலும் இதே கதை உண்டு. 1864-ல் தன் அண்ணன் ஜெஸ்ஸியை மனநலக் காப்பகத்தில் சேர்த்தவர் வால்ட்தான். ஜெஸ்ஸி திரும்பி வரவே இல்லை.

75 சென்ட் புத்தகம்

1949-ல் ஒரு திருட்டுப்பொருள் வழக்கில் மாட்டினார் கின்ஸ்பெர்க். நண்பர்கள் திருடிய பொருள்களை அவர் வீட்டில் வைத்திருந்தார்கள். சிறைக்குப் பதிலாகச் சில மாதங்கள் மனநல மருத்துவமனை. அங்கே நண்பரானவர் கார்ல் சாலமன். அவருக்குத்தான் 'ஹௌல்' கவிதையைச் சமர்ப்பணம் செய்தார். ஹௌல் என்றால் ஊளை, ஓலம். உலகம் ஒதுக்கித் தள்ளிய தன் தலைமுறை நண்பர்களுக்கான ஓலம் அது.

1955 அக்டோபர் 7 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் கேலரியில் அதை முதன்முதலாக வாசித்தார். முன்பு கார் பழுதுபார்க்கும் கடையாக இருந்த இடம். விட்மனின் நீண்ட வரி அங்கே, சரியாக 100 வருடம் கழித்து, ஒரே மூச்சில் சத்தமாக ஒலித்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

1956-ல் சிட்டி லைட்ஸ் பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. விலை 75 சென்ட். அடுத்த வருடம் ஆபாசப் புத்தகம் என்று போலீஸ் வழக்கு போட்டது. பதிப்பாளர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியோடு, கடையில் இருந்து புத்தகத்தை விற்ற ஷிக் முராவோவும் கைதானார். அக்டோபர் 1957-ல் நீதிபதி கிளேட்டன் ஹார்ன், இது ஆபாசம் அல்ல, சமூக மதிப்புள்ள எழுத்து என்று தீர்ப்பளித்தார். அதன்பிறகு புத்தகம் எங்கோ போய்விட்டது!

பத்துப் பேர் இல்லாத இறுதிச் சடங்கு

இந்த வெற்றியைப் பார்க்க நவோமி இல்லை. 1956 ஜூனில் மருத்துவமனையிலேயே இறந்துபோனார். சாவுச் செய்தி வந்து சில நாள்களுக்குப் பிறகு, அவர் எழுதிய கடிதம் மகன் கைக்குக் கிடைத்தது. எந்த அம்மாவும் மகனுக்குச் சொல்கிற புத்திமதிகள்தான் அதில் இருந்தன.

யூத வழக்கப்படி 'காடிஷ்' பிரார்த்தனை சொல்ல பத்து ஆண்கள் வேண்டும். நவோமியின் அடக்கத்துக்கு அத்தனை பேர் வரவில்லை. சொல்லாமல் போன அந்தப் பிரார்த்தனையை மகன் கவிதையாக எழுதினார். 1961-ல் 'காடிஷ்' என்ற பெயரிலேயே வெளியானது. அம்மாவின் நோயை, பயத்தை, அவமானத்தை எதையும் மறைக்காமல் எழுதினார். வீட்டுக்குள் பொத்தி வைத்த விஷயத்தை இப்படியும் சொல்லலாம் என்று பின்னால் வந்த பலருக்கு அது தைரியம் கொடுத்தது.

பாப் டிலன் பாட்டில் அந்தக் குரலின் தாக்கம் உண்டு. 1962-63-ல் கின்ஸ்பெர்க் கல்கத்தாவிலும் காசியிலும் வாழ்ந்தார். வங்காளத்தின் 'ஹங்ரி' கவிஞர்களோடு பழகினார். அவர்களில் மலாய் ராய் சௌத்ரி 1964-ல் கவிதைக்காகவே கைதாகி, 1967-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். 1971-ல் கிழக்கு வங்க அகதிகள் நிறைந்திருந்த ஜெசூர் சாலைக்குப் போய், பார்த்ததை அப்படியே எழுதினார் கின்ஸ்பெர்க்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனநோய் என்பது மேதைமை அல்ல. நவோமி பட்டது நிஜமான வேதனை. அவருக்குத் தேவைப்பட்டது நல்ல சிகிச்சை. கூடவே, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள். உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ 'அது ஒரு மாதிரி' என்று நகர்ந்துபோகிற மனிதர் யாராவது இருக்கிறாரா? அடுத்த முறை பார்க்கும்போது, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்களேன்!