மரதன் பயிற்சியில் வளர்ந்தது எது?

மாலை வேளைகளில் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் ஓடுவோர் பலரின் மணிக்கட்டுகளில் நாடித்துடிப்பை எண்ணும் கடிகாரங்களைக் காண்கிறோம். நவீன விஞ்ஞானப் பயிற்சி முன்னோரின் முறைகளை முற்றாக வென்றுவிட்டது என்னும் கருத்தும் அவற்றோடு சேர்ந்து விலைபோகின்றது. இக்கருத்து ஏற்கத்தக்கதுதானா?

அவ்வாறு வாதிப்போர் காட்டும் முதற் சான்று ஓட்டநேரமே. 1960இல் உரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஓடிய எதியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் வென்றார். 2023இல் சிக்காகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டும் 2 மணி 35 செக்கனில் ஓடிமுடித்தார். ஆயின், இவ்விடைவெளி முழுவதும் பயிற்சியின் பேறாகுமா? காபன் தகடு பதித்த சப்பாத்துகள் 2017 முதல் சந்தைக்கு வந்தன. சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் 2020இல் வீதியோட்டச் சப்பாத்தின் அடித்தடிப்பை 40 மில்லிமீற்றருக்குள் கட்டுப்படுத்தியது. ஓட்டத்தையே முழுநேரத் தொழிலாக்கும் பரிசுப்பணமும் பெருகிற்று. சப்பாத்தும் பணமும் ஈட்டியதைப் பயிற்சியின் கணக்கில் எழுதுவது நேர்மையன்று.

பயிற்சியை மட்டும் தனித்து நோக்குவோம். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆதர் லிடியாட் தம் மாணாக்கரை வாரத்துக்கு 100 மைல் ஓடச் செய்தார். அவர்களுள் பீற்றர் சினெல், மறே ஹல்பேர்க் இருவரும் உரோமில் தங்கம் வென்றனர். பெரும்பகுதி மெதுவோட்டம், சிறுபகுதி வேகவோட்டம் என்று இன்றைய ஆய்வாளர் வகுத்துரைப்பதும் அப்பழைய அடித்தளத்தின் மீதே நிற்கின்றது. அளவுகோல் நுண்மை பெற்றது, அடிமரம் மாறவில்லை.

நம் அயல்நாட்டுச் சான்று இன்னும் வலியது. வெறுங்காலோட்டத்துக்குப் பேர்போன இந்தியப் படைவீரர் சிவநாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி நாட்டிய தேசிய சாதனை நாற்பதாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 2019இல் சோலில் கோபி தொனக்கல் ஓடிய நேரமோ 2 மணி 13 நிமிடம் 39 செக்கன். கருவிகளே வெற்றியைத் தருமெனின், இத்தனை காலம் அவை எங்கே போயின?

பழையன யாவும் நன்றென்பது எம் வாதமன்று. ஓடும்போது நீரருந்துதல் பலவீனம் என்ற எண்ணம் ஒழிந்தது நன்றே. பெண்களால் இத்தூரம் இயலாதென்ற மூடக்கொள்கை தகர்ந்து, 1984இல் ஒலிம்பிக் மரதன் அவர்களுக்குத் திறந்தது அதனினும் நன்று. எனினும், இவை கடையில் வாங்கிய முன்னேற்றங்கள் அல்ல.

கருவியின்றிச் சாதனையில்லை என்று ஓதுவது, கொட்டாஞ்சேனைச் சந்துகளிலிருந்து சுகததாச விளையாட்டரங்கை நோக்கும் வறிய மாணவனைத் தொடக்கக் கோட்டிலேயே தோற்கடிப்பதாகும். அவனுக்கு வேண்டுவன வயிறார உணவும், ஓட நேரமும், அருகிருந்து வழிகாட்டும் பயிற்சியாளருமே. அவற்றை வழங்காத சமுதாயம் கடிகாரத்தைக் காட்டி முன்னேற்றம் பேசுவது வெறும் ஏமாற்று.