காதல் தட்டில், காவல் வாசலில்!

பையன் ஒருவன் கடையில் ஓர் இசைத்தட்டு வாங்குகிறான். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறான். நாற்பது நிமிஷம்! வெளியே வரும்போது அவன் பழைய ஆள் அல்ல. "என் மனசில் இருப்பதை இவர்களுக்கு யார் சொன்னது?" என்கிறான். மறுநாளே அடுத்த ஆசை பிறக்கிறது: "இவர்களை நேரில் பார்க்க வேண்டும்!"

1994-ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்தக் காதல் வந்தது. காரணம், 'கிரீன் டே' என்ற மூவர் குழு. அவர்கள் பிப்ரவரி 1-ந் தேதி வெளியிட்ட தட்டு 'டூக்கி'. (பெயரின் பொருளைத் தமிழில் சொன்னால் முகம் சுளிப்பீர்கள். விட்டுவிடுவோம்.)

என்ன சங்கீதம் இது?

'பங்க்' என்பது 1970-களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய முரட்டுச் சங்கீதம். பெரிய வித்வத் வேண்டாம். வேகமும் கோபமும் இருந்தால் போதும். அந்தக் கோபத்தோடு, வாய்க்குள் முணுமுணுக்கத் தோன்றும் மெட்டைச் சேர்த்தால் அது 'பாப்-பங்க்'.

டூக்கியில் புரட்சிப் பிரசங்கம் இல்லை. இளவட்டத்தின் அலுப்பு, நெஞ்சுப் படபடப்பு, தன்னையே கேலி செய்துகொள்ளும் குறும்பு, இவைதான். பாடிய பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அப்போது 22 வயதுகூட நிரம்பவில்லை. பத்து வயதில் தகப்பனாரை இழந்தவர். தாயார் ஹோட்டலில் பரிமாறிக் குடும்பத்தைக் காத்தார். கேட்டவர்கள் தங்கள் வீட்டுக் கதை என்று நினைத்ததில் ஆச்சரியம் என்ன? அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது.

தொண்டர்கள் காத்த வாசல்

குழு வளர்ந்த இடம், கலிபோர்னியாவில் பெர்க்லி நகரின் 924, கில்மன் தெரு. 1986-ன் கடைசி நாளில் திறந்த சிறு மண்டபம். முதலாளி கிடையாது. வாசலில் நிற்பவரும் தரை கூட்டுபவரும் தொண்டர்களே. குடி கூடாது; அடிதடி கூடாது; நிறத்தைச் சொல்லி இழிவு செய்யக் கூடாது. சிறுவர்களும் வரலாம். அந்நாளில் கட்டணம் சில டாலர்தான். பெரிய கம்பெனியில் சேர்ந்த குழுவுக்கு மேடை இல்லை.

1993-ல் கிரீன் டே, வார்னரைச் சேர்ந்த ரிப்ரைஸ் கம்பெனியில் கையெழுத்திட்டது. கில்மன் கதவு சாத்திக்கொண்டது! 2015-ல் ஒரு நிதியுதவிக் கச்சேரிக்காக மறுபடி அங்கே பாடினார்கள்.

வளர்த்த பிள்ளைக்கே கதவடைப்பதா என்று கேட்கலாம். ஆனால் அவர்கள் பயந்தது ஆளுக்கு அல்ல. காதலுக்கு விலை வைப்பவன் ஒரு நாள் வாசலுக்கு வருவான் என்று பயந்தார்கள்.

பயம் பலித்ததா?

அதே 1994-ல் 'பேர்ல் ஜாம்' என்ற மற்றொரு குழு, டிக்கட் விற்கும் 'டிக்கட்மாஸ்டர்' கம்பெனியின் ஆதிக்கத்தைப் பற்றி அமெரிக்க நீதி இலாகாவிடம் முறையிட்டது. 1995-ல் விசாரணையை இலாகா மூடிவிட்டது. 2010-ல் அந்தக் கம்பெனி, கச்சேரி நடத்தும் 'லைவ் நேஷன்' நிறுவனத்தோடு ஒன்றாயிற்று. மண்டபமும் ஒரே கை. டிக்கட்டும் ஒரே கை! 2024 மே மாதம் நீதி இலாகாவே அதன்மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. முறையீட்டுக்கும் வழக்குக்கும் இடையே 30 வருஷம். நிறுவனமோ குற்றச்சாட்டை மறுத்தது.

அந்த 2024-ல் கிரீன் டே, டூக்கி முழுவதையும் பெரிய விளையாட்டு அரங்குகளில் பாடியது. அன்றைய பையன் இன்று குடும்பஸ்தன். பணம் கொடுத்துவிடுவான். அவன் மகன்?

அப்படியானால் எல்லாம் இலவசமாக்கினால் தீருமா? அதையும் பார்த்தாகிவிட்டது. 1994 செப்டம்பர் 9-ந் தேதி பாஸ்டன் நகரில் இதே குழுவின் இலவசக் கச்சேரி. சுமார் 70,000 பேர் திரண்டார்கள். சில பாட்டுகளோடு கச்சேரி நின்றது, கலவரம், கைது! ஆகவே விலை மட்டும் சங்கதி அல்ல. வாசலில் நிற்பவன் யார் என்பதே சங்கதி.

வழி உண்டு

பிரிட்டனில் 2023-ல் மட்டும் 125 சிறு மண்டபங்களில் கச்சேரி நின்றுபோயிற்று. பெரிய அரங்கின் ஒவ்வொரு டிக்கட்டிலிருந்தும் ஒரு பவுன் எடுத்துச் சிறு மண்டபங்களுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை எழுந்தது. 2024 நவம்பரில் அரசாங்கமும் அதை ஆதரித்தது. ஆனால் கட்டாயமாக்கவில்லை.

யோசனை நல்லது. ஆலமரத்துக்கு ஊற்றும் நீரில் ஒரு செம்பு நாற்றுக்கும் போகட்டும்! தட்டைக் கேட்டு மயங்க ஒரு பிள்ளைக்கு யார் அனுமதியும் வேண்டாம். நேரில் போய்ப் பார்க்க மட்டும் ஒரு வாசலைக் கடக்க வேண்டும். அந்த வாசல், அவன் சட்டைப் பையில் இருக்கும் காசுக்குத் திறக்க வேண்டும்.