பாரணைக்கு வரும் விருந்தினர்

ஏகாதசி உபவாசம் இருந்த அன்பர்களை மறுநாள் காலைப் பாரணைக்கு இல்லத்திற்கு அழைப்பது நம் முன்னோர் வழக்கம். அழைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்று வாடும் இல்லத்தரசியும் முதல்நாள் உபவாசம் இருந்தவர்தாமே!

பட்டினி கிடந்த வயிறு வடையைக் கேட்பதில்லை. பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்த அகத்திக்கீரைக் கறி, நெல்லிக்காய்த் தயிர்ப்பச்சடி, நெய்யில் வறுத்த சுண்டைக்காய் வற்றல் ஆகிய மூன்றும் துவாதசிக்கு இன்றியமையாதவை. புளி அன்று விலக்கு. ஆதலின் மிளகும் தேங்காயும் அரைத்துவிட்ட புடலங்காய்ப் பொரித்த குழம்பு போதும். பாயசம் ஒன்று. ஏகாதசி இரவு நாமசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டே கீரையை ஆய்ந்து வைத்துவிட்டால் காலையில் பாதி வேலை குறையும்.

நேரமே பெரிது. துவாதசியின் முதற்காற்பகுதியாகிய ஹரிவாசரம் கழிந்த பின்னரும், துவாதசி முடிவதற்கு முன்னரும் பாரணை நிகழவேண்டும். பஞ்சாங்கம் பார்த்து, அழைக்கும்போதே நேரத்தைச் சொல்லிவிடுவது நன்று. விருந்தினர் தாமதித்தால்? அம்பரீஷ மன்னருக்கு நேர்ந்த சங்கடம் இதுவே. நீராடச் சென்ற துர்வாசர் திரும்பவில்லை. துவாதசியோ முடியும் தறுவாய். மன்னர் தீர்த்தம் மட்டும் பருகிக் காத்திருந்தார். நாமும் துளசித் தீர்த்தம் பருகிவிட்டுக் காத்திருக்கலாம்.

எங்கள் இல்லத்தில் விருந்தினரோடு நானும் இலையில் அமர்ந்துவிடுவேன். பரிமாறுபவர் என் கணவர். முறையன்று என்று உறவினர் சிலர் முணுமுணுப்பதுண்டு. அவரோ பாயசக் கரண்டியைத் தேடிக்கொண்டிருப்பார்.